ஒரு ஸ்பூன் சாமைக் கஞ்சி

"இன்னாடி இது, மூணு டப்பா! மஸ்கட்ல போய் பால் பவுடர் கடை வெக்கப் போறியா?"

கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள் செந்தமிழ்ச்செல்வி. பக்கத்து வீடு. கதவைத் தட்டும் பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. தாழ்ப்பாள் போடாத கதவு தனக்காகவே திறந்திருக்கிறது என்பது அவள் கட்சி.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஹப்சா தரையில் உட்கார்ந்து பால் பவுடரை அளந்து சின்னச் சின்ன டப்பிகளில் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மாதக் குழந்தை அத்தியா பாயில் கவிழ்ந்து படுத்து ஒரு டப்பி மூடியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு டப்பா பெரிய பெட்டியில போவுதுக்கா. இது மட்டும் கையில. ஒரு வேளைக்கு ஒரு டப்பி. வெந்நீர் தனியா."

"தண்ணிய வுடுவானுங்களா? எங்க ஓரகத்தி டெல்லி போனப்ப தேங்காயெண்ண பாட்டிலையே புடுங்கிக்கினானுங்களாம்."

"நமக்குத்தான் வுட மாட்டாங்க. கைக்குழந்த கூட வந்தா, அதோட பாலு, தண்ணி, கஞ்சிக்கெல்லாம் வுடுவாங்களாம். எல்லாம் கேட்டு வெச்சிக்கினேன்."

செல்வி கண்ணாலேயே எண்ணிக்கொண்டாள். பவுடர் டப்பி ஐந்து. பால் புட்டி மூன்று. வேகவைத்து மசித்த கேரட் ஒரு கிண்ணம். சின்ன ஃப்ளாஸ்க் ஒன்று. கணக்கு தப்பினால் தெருவில் அவள் பேச்சுக்கு என்ன மரியாதை?

ஆனால் அவள் வந்த காரியம் வேறு.

"உங்க மாமி ஒத்துக்கினாங்களா?"

ஹப்சா கையிலிருந்த டப்பியின் மூடியை இறுக்கினாள். மாமியார் ருக்ஷானா அடுத்த தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். தினமும் மத்தியானம் பேத்தியைப் பார்க்க வந்துவிடுவார். பேத்திக்கு ஒரு வயது முடியாமல் ஏரோப்ளேனில் ஏற்றக் கூடாது, காது அடைத்துக்கொள்ளும், சளி கட்டும் என்பது அவர் தீர்ப்பு. போன தடவை டிக்கெட் போட்டபோது, 'பத்திரமா இருக்கட்டும்' என்று குழந்தையின் பாஸ்போர்ட்டை வாங்கிப்போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். டிக்கெட் வீண். மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஹப்சாவின் கணவன் ரியாசுதீன் போனில் கெஞ்சிக் கெஞ்சி, அது திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. இதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரியவைத்தது செல்விதான்.

"ஒத்துக்கலக்கா. ஆனா இந்த வாட்டி போயே தீரணும். பெத்த புள்ளய அவரு இன்னும் போன்லதான் பாத்துக்கினு இருக்காரு."

"காது அடைக்குமேடி?"

"ஏறச் சொல்லோ, எறங்கச் சொல்லோ புட்டிய வாயில குடுத்தா அடைக்காதாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"அது சரி... எப்ப கெளம்புற?" இதைக் கேட்கும்போது மட்டும் செல்வியின் குரல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

"வியாழக்கெழமக்கா. திருச்சியில ஏறணும். மாமிக்கு மட்டும் தெரியக் கூடாது."

"சேச்சே! என்னப் பத்தி உனுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க்கா" என்றாள் ஹப்சா.

எழுந்துபோய் அடுப்பிலிருந்த கஞ்சியை இறக்கினாள். ஃப்ளாஸ்க்கில் ஊற்றிவிட்டு, மிச்சத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினாள். "கரியாலூர் மலையில வெளஞ்ச சாமைக்கா. தண்ணியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க. ஏர்போர்ட்ல குடிச்சிக் காட்டச் சொன்னாலும் சொல்வாங்களாம்."

ஓசியில் வந்ததை ஊதிக் குடிக்கிற பொறுமை செல்விக்கு ஏது?

"ஐயய்யோ! நாக்கு பொசுங்கிப்போச்சுடி! உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல, கொதிக்குது மட்டும் நல்லா!"

அத்தியா பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தாள்.

பத்தாவது நிமிஷம் செல்வி அடுத்த தெருவில், ருக்ஷானாவின் கடைப்படியில் இருந்தாள். "பாயம்மா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க..."

முழுக்கக் கேட்ட ருக்ஷானா தராசைக் கீழே வைத்தார். "வியாழக்கெழமையா? அப்ப இன்னிக்கு மத்தியானம் நான் அங்க போவக் கூடாது. என் மூஞ்சே காட்டிக் குடுத்துடும், அவ உஷாராயிடுவா. சாயந்தரம் எங்கண்ணன் ஷேக் மைதீன் வரட்டும். ரெண்டு பேருமா போய் பாஸ்போர்ட்ட வாங்கிடுறோம்."

செல்வி வீடு திரும்ப மாலையாகிவிட்டது. வழியில் சொல்லவேண்டிய வீடுகள் இருந்தன, கருணாபுரத்தில் இருக்கும் ஓரகத்தி வீடு உட்பட.

ஆறு மணிக்கு ருக்ஷானாவும் அண்ணனும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வேடிக்கை பார்க்க வசதியாகச் செல்வியும் கூடவே போனாள்.

ஹப்சா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"இன்னா செல்வி, வியாழக்கெழமைன்ன?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள் செல்வி. காலையில் சுட்ட இடம் சுரீரென்றது. வியாழக்கிழமை ஏறப்போகிறவள் எதற்காகச் செவ்வாய்க்கிழமையே கேரட்டை மசித்து, கஞ்சியைச் சுடச்சுட ஃப்ளாஸ்க்கில் ஊற்றினாள்? மூன்று பிள்ளை பெற்றவள், டப்பிகளை எண்ணிய மும்முரத்தில் இதை யோசிக்கவில்லையே!

அவள் போன் சிணுங்கியது. விமான ஜன்னலோரம் அத்தியா, வாயில் பால் புட்டியோடு. படத்துக்குக் கீழே ஹப்சா ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்:

"மத்தியானம் மாமி வராம பாத்துக்கினதுக்கு ரொம்ப நன்றிக்கா."