ஒரு நாளைக்கு ஒரு கிளிக்

"நேத்தும் ஒண்ணே ஒண்ணுதான், ஐயா."

இணைய விளம்பரங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி கணினித் திரையைப் பெரியவர் பக்கம் திருப்பினார். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"போதும். அது பாட்டுக்கு ஓடட்டும்."

பீரோ கடையின் கண்ணாடி அறையில் எதிரே உட்கார்ந்திருந்த மகன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கிளிக் வரலைன்னு அழுறவங்களைப் பார்த்திருக்கேன். ஒண்ணு வந்ததுக்கே பூரிச்சுப்போற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

பெண்மணி பொறுமையாக விளக்கினார். "ஐயா, இது பத்திரிகை விளம்பரம் மாதிரி இல்ல. யாராவது போன்ல தேடினாத்தான் நம்ம விளம்பரம் வரும், அதைத் தட்டினாத்தான் நமக்குச் செலவு. நீங்க கேட்டது ஆறு மணி நேரம் தள்ளி இருக்குற ஊரு. அதுலயும் ரெண்டே தெரு. தேடுற வார்த்தை 'மூணு கதவு பச்சை பீரோ'. அதை யாரு ஐயா தேடுவாங்க?"

"தினமும் ஒருத்தர் தேடுறாங்களே."

"மூணு மாசமா அந்த ஒண்ணுதான். மத்தியானம் தட்டுறாங்க, உடனே மூடிடுறாங்க. ஒரு விசாரிப்பு கிடையாது. என் பேருதான் கெடுது."

"நான் சொல்றேன் மேடம்," என்றான் மகன். "அங்கதான் என் தங்கச்சியைக் குடுத்திருக்கோம். அந்தப் பச்சை பீரோ அவ கல்யாணத்துக்கு இவர் பக்கத்துலயே நின்னு செய்ய வெச்சது. சம்பந்தி வீட்டுத் தெருவுல நம்ம கடை பேரு பளிச்சுன்னு தெரியணுமாம். கௌரவம்!"

பெரியவர் மறுக்கவில்லை. உதவி என்று கேட்டு எந்த வாசலிலும் நிற்காதவர் அவர். நாற்காலியில் சாய்வதுகூட இல்லை.

"தங்கச்சிகிட்ட சொன்னா, அவங்களே அக்கம்பக்கத்துல சொல்லிட மாட்டாங்களா?"

"எங்க? எப்ப போன் பண்ணினாலும் மாமியார்தான் எடுக்கறாங்க. அவ குளிக்கிறாளாம். அப்படி என்னதான் குளிப்பாளோ, அந்த ஊர்த் தண்ணியே தீர்ந்திருக்கும்!"

பெண்மணி சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

மகன் குரலைத் தாழ்த்தினான். "அப்பா, போன மாசம் கடையை என் பொறுப்புல விட்டுட்டீங்க. இனி முடிவு என்னுது. மேடம், அதை நிறுத்திடுங்க."

பெரியவருக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. ஆனால் வீட்டு விஷயத்தை வெளியாள் முன்னால் பேசும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் எவருக்கும் இல்லை. எழுந்து போகவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் விடுப்பா," என்றார். அவர் அப்படிக் கெஞ்சி மகன் கேட்டதில்லை. "மத்ததை நாளைக்குப் பேசிக்கலாம்."

மகன் பெண்மணியைப் பார்த்தான். பெண்மணி கணினியைப் பார்த்தார். பெரியவர் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளியே பட்டறையில் யாரோ தகடு தட்டும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

மூன்றேகால் மணிக்குப் பெண்மணி திரையைப் புதுப்பித்தார். முகம் மலர்ந்தது.

"ஐயா, உங்க வாய்முகூர்த்தம்! இன்னைக்கு ரெண்டு!"

"அடேங்கப்பா! ஒரே நாள்ல வியாபாரம் ரெட்டிப்பு," என்று மகன் கைதட்டினான். "அப்பாவுக்கு மாலை போட்டுடலாமா?"

பெரியவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மேசைமேல் கிடந்த வண்டிச் சாவியை எடுத்து மகன் கையில் திணித்தார்.

"வண்டியை எடு."

"எங்கப்பா?"

"உன் தங்கச்சி வீட்டுக்கு. மாமியார் கண்ணசர்ற ரெண்டு நிமிஷந்தான் அவ கைக்குப் போன் வரும். பேசினா மாட்டிக்குவா. விளம்பரத்தைத் தட்டினா யாருக்கும் சந்தேகம் வராது. நான் பார்த்த சம்பந்தம்னு இத்தனை நாள் பொறுத்துக்கிட்டா. மூணு மாசம் முன்ன நான் அங்க போனப்ப ரகசியமாப் பேசி வெச்சோம். தினம் ஒண்ணு தட்டினா, உயிரோட இருக்கேன்னு அர்த்தம்."

வெளியாள் முன்னால் அவர் குரல் முதல்முறையாக உடைந்தது.

"ரெண்டு தட்டினா, வந்து கூட்டிட்டுப் போங்கப்பான்னு அர்த்தம்."