தாளிப்பு வாசனை

கடுகு வெடித்த பிறகுதான், காலையில் வாசலில் கட்டிய வேப்பிலை பேச்சித்தாய்க்கு ஞாபகம் வந்தது. 

அம்மை கண்ட வீட்டில் யாராவது தாளிப்பார்களா? வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, உள்ளே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டு நின்றால் எந்த மடையன் நம்புவான்? எல்லாம் கைப்பழக்கம். காய்ந்த எண்ணெயைக் கண்டால் கடுகைப் போட்டுவிடுகிறது.

தெருவில் பிள்ளைகள் அலறுகிற சத்தம் வீடு வீடாக நெருங்கி வந்தது. குருவிகுளம் பக்கம் பெரியம்மை இறங்கியிருக்கிறது என்று சங்கரன்கோவில் முழுக்க ஒரே பேச்சு. அம்மை வராமல் தடுக்க ஊசி குத்துகிற பொன்னுச்சாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே ஆரம்பப் பள்ளிக்கூடத்து சங்கரசுப்பு வாத்தியார். வேப்பிலையைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுவார்கள் என்றுதான் பேச்சித்தாய் கணக்குப் போட்டிருந்தாள்.

மகள் ஆவுடையை அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். "மூச்சுக் காட்டாத மக்கா."

"ஏம்மா பேச்சித்தாய், கதவைத் திற!"

வாத்தியார் குரல்தான். அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டு அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர்.

"உள்ள வராதிய அண்ணாச்சி. ஆவுடைக்கு அம்மை போட்டிருக்கு."

வாத்தியார் மூச்சை இழுத்து மோப்பம் பிடித்தார். "அம்மை போட்ட வீட்டுலதான் கடுகு வெடிக்குதோ? தாளிக்கிற வீட்டுல அம்மை கிடையாதுன்னு என் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லுதியே, நல்லாருக்கா?"

பொன்னுச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். பேச்சித்தாய் மானம் போய்க் கதவைத் திறந்தாள்.

"பயமா இருக்கு அண்ணாச்சி. ஒத்தைப் பிள்ளை. நல்லா இருக்க உடம்புக்குள்ள நாமளே அம்மையை வெத்தில பாக்கு வச்சுக் கூப்பிடுததா?"

"கூப்பிடாம வந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? உன் முகத்தைக் கண்ணாடியில பாத்ததே இல்லையா? இந்த முகம் உன் பிள்ளைக்கும் வேணுமா?"

பேச்சித்தாய் சின்ன வயதில் அம்மையில் கிடந்து பிழைத்தவள். முகமெல்லாம் தழும்பு. அதை இதுவரை யாரும் நேருக்கு நேராகச் சொன்னதில்லை. உள்ளே போய் ஆவுடையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பொன்னுச்சாமி மருந்தைத் தடவி, ஊசியை வைத்துத் திருகினார். ஆவுடை வீரிட்டாள். அவளைவிட அம்மாக்காரிதான் அதிகம் அழுதாள்.

"முடிஞ்சுது. கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும். பயப்படாத. புண்ணைச் சொறிய விடாத."

ஆவுடை விக்கி விக்கி வாத்தியாரிடம் கேட்டாள். "ராசுவுக்கும் குத்தியாச்சா ஸார்?"

ராசு வாத்தியாரின் மகன். ஆவுடையோடு படிக்கிறவன்.

"அவன் புளியங்குடிக்கு, மாமா வீட்டுக்குப் போயிருக்கான்."

"அடுத்தது உங்க வீடுதானே ஸார்?" என்றார் பொன்னுச்சாமி.

"நம்ம வீட்டுல எல்லாருக்கும் ஆஸ்பத்திரியிலயே குத்தியாச்சு. நீங்க அதுக்கு அடுத்த வீட்டுக்குப் போங்க. நான் பின்னால வாரேன்."

பொன்னுச்சாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். பேச்சித்தாய்க்கு ஏதோ உறைத்தது. வாத்தியார் வீட்டம்மா பாலம்மாள் தாளித்தால் நெடி சுவர் தாண்டி வரும், ஆவுடை அடுக்கடுக்காகத் தும்முவாள். "மிளகாயைக் குறைச்சுப் போடுங்க மதினி" என்று இவள் இங்கிருந்து சத்தம் கொடுப்பாள். ஆவுடை தும்மி எத்தனை நாளாயிற்று? மதினி ஊரில்தான் இருக்கிறாள். காலையில்கூடக் கிணற்றடியில் முகம் கொடுக்காமல் போனாளே!

"அண்ணாச்சி."

படியிறங்கிய வாத்தியார் திரும்பினார்.

"உங்க வீட்டுல தாளிச்சு எத்தனை நாளாச்சு?"

வாத்தியார் தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ராசு உள்ளதாம்மா கிடக்கான். உன் மதினியும் உன்னை மாதிரியேதான். குத்த விடமாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. ஊரை மிரட்டுத எனக்கு வீட்டுல வாய் செல்லல. இப்ப வேப்பிலையைக் கட்டினா, வாத்தியான் மகனுக்கே குத்தலைன்னு ஒரு பிள்ளையும் கையை நீட்டாது. அதான்..."

"அதுக்காக? அந்தப் பிள்ளையைத் தொட்டுத் தூக்கிட்டு, தினமும் பள்ளிக்கூடத்துல போயி அத்தனை பிள்ளைகளுக்கு நடுவுல உக்காந்தியளா?" பேச்சித்தாய் ஆவுடையை முன்னால் இழுத்தாள். "இவ கையைப் பிடிச்சுல்லா எழுத வச்சிய!"



அவள் வாசல் வேப்பிலையை வெடுக்கென்று அவிழ்த்தாள். மூஞ்சியில் எறியப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் அதைக் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோயி உங்க வாசல்ல கட்டுங்க. ராசுவுக்கு அம்மை ஆறித் தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்காதிய. ஆவுடையை இவ அப்பாகிட்ட விட்டுட்டு நான் வாரேன்."

"எங்கம்மா வார?"

"ராசு பக்கத்துல உக்காரத்தான். மதினிக்கு இதுவரை அம்மை கண்டதில்லலா? இந்த முகத்துக்கு இனிமே வராது அண்ணாச்சி."