எட்டு பச்சை விளக்குகள்

பழவேற்காடு ஏரிக்கரைப் புயல் காப்பகத்தின் மொட்டைமாடியில், கேபிள் வேலையைச் சோதித்துச் சான்று தர வந்த ஜஸீலா குந்தியிருக்கிறாள். சைரன் கம்பத்துக்கு நேற்றுதான் புது கேபிள் இழுத்து முடித்தார்கள். புயல் வந்தால் எச்சரிக்கை இந்த ஒயர் வழியாக வந்துதான் ஏரி முழுக்க அலற வேண்டும். மேஸ்திரி ஜெகதீஸ்வரன் உள்ளங்கையளவு டெஸ்டரை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். எட்டு விளக்குகளும் பச்சையாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. "பாத்துக்கோ, எட்டும் எரியுது. இன்னும் இன்னா வேணும்? கையெழுத்து போடு." காலையிலிருந்து அடித்த காற்று சட்டென்று நின்றுவிட்டது. ஏரி எண்ணெய் ஊற்றிவைத்ததுபோல் அசையாமல் கிடக்கிறது. தெற்கே வானம் கன்றிப்போயிருக்கிறது. கீழே கரையில் படகைத் தள்ளிக்கொண்டே மீனவர் ஆதிநாராயணன் அண்ணாந்து கேட்கிறார்: "இன்னாம்மா, சைரன் கத்துமா?" "கத்தும் நைனா, தெகிரியமா போ!" என்று மேஸ்திரி முந்திக்கொள்கிறார். ஜஸீலா டெஸ்டரைப் பார்க்கிறாள். அந்தச் சின்ன டப்பா ஒயர் அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அனுப்புகிற சேதி மறுமுனைக்கு முழுசாகப் போய்ச் சேருமா என்று சொல்லாது. பையிலிருந்து பெரிய சோதனைக் கருவியை எடுக்கிறாள். "அத்த எதுக்கு எடுக்கிற?" அவள் அதில் கேபிளைச் செருகுகிறாள். திரையில் கோடு மெல்ல நகர்கிறது. கீழே மீன்பிடிக்கக் கிளம்பிய பதினோரு படகுகளின் இஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. கோடு நிற்கிறது, திரை சிவக்கிறது. கேபிளின் முப்பத்தெட்டாவது மீட்டரில் பழுது. சுவருக்குள் வைத்து சிமெண்ட் பூசி மூடிய இடம் அது. ஜஸீலா கைப்பிடிச் சுவருக்கு ஓடி, இரண்டு கைகளையும் வீசிக் கத்துகிறாள். ஏரி நடுவிலிருந்து ஆதிநாராயணன் திரும்பிப் பார்க்கிறார். வழியனுப்புகிறாள் என்று நினைத்து, சிரித்தபடி அவரும் கையை ஆட்டுகிறார்.