340ஆம் எண்காரர்

நெசவாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றி முடித்த எஸ்தர், புதிதாகச் சேர்ந்த காவேரிக்குக் காலியாகக் கிடந்த 340ஐக் கொடுத்தாள். 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்றது திரை. தேடிப் பார்த்தால் அப்படி யாருமே இல்லை. எரிச்சலோடு எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து மாற்றினாள். மறுபடியும் அதே பதில்.

செயலாளர் பரமசிவத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அது குமரகுரு நம்பராச்சேமா! செத்து மூணு வருசம் ஆவுது. செத்தவங்க நம்பர நாம யாருக்கும் குடுக்கறதில்ல. பழசுல அன்னிக்கே எடுத்துட்டமே?"

"எடுத்தது நான்தான் சார், நம்பர்தான் மறந்துபோச்சு. புதுசுல எப்படியோ இருக்குதே."

 அன்று காலை நெசவாளர்கள் கொடுத்துவிட்டுப் போன சேலைகளையே பரமசிவம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கிடந்த சேலையின் சீட்டில், நெய்தவர் எண் 340. தறியிலிருந்து அறுத்த நூல்முனைகள்கூட இன்னும் முடிச்சிடப்படாமல் தொங்கின.