வேலை தருபவர் கையெழுத்து

தேய்த்த அடுப்பையே மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் தேவானை.

நந்தனம் முகாம் ஐந்து மணிக்கு முடிகிறது. இன்றுதான் கடைசி நாள்.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு நலவாரிய அட்டை. நாளை பெண்ணின் படிப்புக்கு உதவும், கை கால் போனால் உதவும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டாள். ஒன்றுதான் காலி.

வேலை தருபவர் கையெழுத்து.

ஃபாரம் மடித்து ஜாக்கெட்டுக்குள் இருந்தது. வியர்வையில் நனையுமோ என்று எடுத்துப் பருப்பு டப்பா மேல் வைத்தாள். எண்ணெய் படுமோ என்று திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அபிராமபுரத்தில் மூன்று வீடு செய்கிறாள். முதல் வீட்டில், அடுத்த வீட்டில் கேள் என்றார்கள். அடுத்த வீட்டில் பேச்சையே மாற்றிவிட்டார்கள். இது மூன்றாவது.

"மாமா வரட்டும், கேட்டுண்டு சொல்றேன். நாளைக்குக் கேஸ் கீஸ்னு எவனாவது வந்து நின்னா?" என்று மாமி காலையிலேயே சொல்லியிருந்தாள்.

பேங்குக்குப் போன மாமா இன்னும் வரவில்லை. மணி மூன்றரை.

கேட் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தாள். ஒரு முறை கூரியர். இன்னொரு முறை பக்கத்து வீட்டுக்காரர்.

இடுப்பில் செல்போன் அதிர்ந்தது. குல்ஷன். பெரும்பாக்கத்தில் எதிர் வீடு. காலை ஆறரையிலிருந்து தேவானை திரும்பும்வரை அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். மாதாமாதம் அதற்குத் தேவானை ஏதோ கொடுக்கிறாள்.

தேவானை கட் செய்தாள்.

மாமி பேனாவோடு வந்து நின்றாள்.

"இப்படியே தேய்ச்சிண்டிருந்தா அடுப்பு ஓட்டையாயிடும். குடு இங்கே."

மாமாவுக்குக் காத்திருக்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

மை காயட்டும் என்று ஃபாரத்தை விரித்துப் பிடித்தபடியே தேவானை படியிறங்கினாள். போன் மறுபடி அதிர்ந்தது.

"புள்ள தூங்கினு கீது, பயப்படாதக்கா. இங்கயும் கீழ முகாம் போட்டுகிறாங்க. எனக்கும் அதே ஃபாரம் குட்தாங்க. வேலை குடுக்குறவங்கன்னு உன் பேர எழுதிக்கவா?"

தேவானை பாதிப் படியில் நின்றாள்.

தன் பெயர் இரண்டு ஃபாரத்தில். ஒன்றில் வேலை செய்பவள், மற்றதில் வேலை தருபவள். வீட்டில் ஆள் வைத்திருப்பவளுக்கு அட்டை எதற்கு என்று முகாமில் யாராவது கேட்டுக் கையிலிருப்பதைக் கிழித்துவிட்டால்?

"எங்க வூட்டுக்காரரு வரட்டும் குல்ஷன். கேட்டுகினு சொல்றேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"சரிக்கா."

விரித்த ஃபாரத்தில் கணவர் பெயர் இருந்தது. செம்பியன். அதற்கு முன்னால் 'லேட்' என்று அவளே எழுதியிருந்தாள்.

அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன அன்று, யாரும் கேட்காமலே அவள் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டவள் குல்ஷன்.