பன்னிரண்டே கால்

முன்சீப் அறிவுடைநம்பி, பதவியேற்ற அன்றே இனி வாய்தா கிடையாது என்று அறிவித்தவர். இரண்டே வருடத்தில் அவர் புகழ் மேலிடம் வரை போய்விட, தாமதத்தை ஒழிப்பது எப்படி என்று மற்ற நீதிபதிகளுக்கு வகுப்பெடுக்க மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு இங்கே அவர் அதிகாரம் முடிவதாக உத்தரவு. கொழுந்தன் பூட்டிக்கொண்ட வீட்டுக்காகப் பத்தொன்பது வருடம் அலைந்த மரகதவல்லிக்குத் தீர்ப்பு நாளும் அதே வெள்ளிதான். எழுதியாகிவிட்டது, வாசித்துக் கையெழுத்திடுவதுதான் பாக்கி. ஆனால் வக்கீல்கள் பத்து மணிக்கே பிரிவுபசார விழா வைத்து, அன்றைய வழக்குகளையெல்லாம் தள்ளிவைக்கச் செய்துவிட்டார்கள். மரகதவல்லி மேடையோரம் போய் நின்றாள். “நாலு நிமிசந்தானுங்கய்யா. படிச்சுட்டுப் போயிருங்க.”

“ஏற்புரை முடிஞ்சதும் முதல் வேலை உங்களோடதுதாம்மா” என்றார் நீதிபதி. மனப்பூர்வமாகத்தான் சொன்னார். தாமதம் என்னும் கொடுமை பற்றிய அந்த ஏற்புரை பன்னிரண்டே காலுக்கு முடிந்தது.

பெஞ்ச் கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இனிமே அய்யா வாசிச்சா அது வெறும் பேச்சும்மா. புது அய்யா வந்து முதல்லேர்ந்து கேக்கணும்.”

“அவரு எப்பங்க வருவாரு?”

“மொதல்ல ஆளப் போடணுமில்ல?”

அதற்குள் நீதிபதி, சீர்திருத்தத்தால் பயனடைந்தவர் யாராவது ஒருவர் படத்தில் இருக்கட்டுமே என்றார். கைக்கெட்டும் தூரத்தில் மரகதவல்லிதான் இருந்தாள். மாலைகளுக்கு நடுவே அவளை இழுத்து நிறுத்தினார்கள்.

“கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார் போட்டோக்காரர்.

அதுவும் கோர்ட்டு உத்தரவு என்று நினைத்து அவள் சிரித்தாள்.