மஞ்சள் குடைகள்

“வாடகை சைக்கிள் திட்டமெல்லாம் பிரமாதம்மா. இதுக்கு முன்னாடி எதை மூழ்கடிச்சே, அதைச் சொல்லு!”

முதலீட்டாளர் கேட்டதும் அவள் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். தொழிலில் ஒரு தடவையாவது மண்ணைக் கவ்வியவர்களுக்குத்தான் அவர் பணம் போடுவார் என்பது உலகறிந்த சங்கதி. அவளோ ஓட்டப்பந்தயத்தில்கூட இரண்டாவதாக வந்ததில்லை. இவரும் கைவிரித்தால் திட்டத்தைச் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான். அதனால் அப்பாவின் தோல்வியை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

“வாடகைக் குடை சார். நானும் என் ஃப்ரெண்டும் ஆரம்பிச்சோம். பஸ் ஸ்டாண்டுல எடுத்து ரயில்வே ஸ்டேஷன்ல கொடுத்துடலாம். எல்லாம் மஞ்சள் குடை.”

“அப்புறம்?”

“வருஷம் பூரா மழையே இல்ல. பெய்ஞ்ச அன்னைக்கு அத்தனை குடையும் போச்சு. ஒண்ணுகூடத் திரும்பி வரல!”

அவர் சிரித்த சிரிப்பில் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளர் பயந்து நான்கு அடி நகர்ந்தது.

“ஃப்ரெண்டு என்ன ஆனான்?”

“உன்னாலதான், உன்னாலதான்னு சண்டை. கடைசியில பெயர்ப் பலகையை ரெண்டா அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டோம். ‘மஞ்சள்’ எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில கிடக்கு.”

சிரிப்பு நின்றது. “மழை பெய்ஞ்சா என்ன பண்ணுவே?”

அப்பா செய்வதைத்தான் சொன்னாள். “வாசல்ல போய் நிப்பேன். போற வர்ற குடையையெல்லாம் பார்ப்பேன். ஒரு மஞ்சள் குடையாவது வராதா, அதைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஃப்ரெண்டும் வந்துட மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சுள்ளென்று வெயில்.

“பொய்! அந்தப் பலகையை அறுத்தப்போ நீ பிறந்தே இருக்க மாட்டே.”

அவள் முகம் தொங்கிப் போயிற்று. “மன்னிச்சிடுங்க சார். அது எங்க அப்பாவோட கதை. தோத்தவங்களுக்குத்தான் கொடுப்பீங்கன்னு சொன்னாங்க...” மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்தாள்.

“உட்காரு.”

பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிய எதையோ எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். ஓரம் அறுபட்ட பழைய பலகை. பெயின்ட் உரிந்த எழுத்தில் ‘குடை’ என்றிருந்தது.

“தோத்தவங்கெல்லாம் வாங்க, பணம் தர்றேன்னு வருஷக்கணக்கா தொண்டை கிழியக் கூவிக்கிட்டிருக்கேன். தோத்தவன் அத்தனை பேரும் வந்துட்டான்மா, உங்கப்பன் ஒருத்தனைத் தவிர!”